வங்கிக் கணக்கு மொழியில் நோக்குநிலை: ஒரு சொல்வரலாற்று ஆய்வு

1. முன்னுரை

கணக்கேடு எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் ஆள் நிற்கிறான். ‘வரவு’ என்றால் யாருக்கு வரவு, ‘கடன்’ என்றால் யார்மேல் கடன் என்ற வினா உடனெழுகிறது. இயற்கை மொழியில் இவ்வினாவுக்குச் சூழல் விடை தந்துவிடும். ஆனால் கணக்கியலில், சிறப்பாகக் கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட வங்கிகளின் கணக்கியலில், சொல்லே அவ்விடையைத் தர வேண்டியிருக்கிறது. வங்கியின் சொத்து கடன் வாங்கியவனுக்குப் பொறுப்பு. வைப்பாளனின் சொத்து வங்கிக்குப் பொறுப்பு. ஒரே தொகை இரண்டு ஏடுகளில் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதப்படுகிறது. எனவே வங்கிக் கணக்கறிக்கையை மொழிபெயர்ப்பவர் ஒரு சொல்லின் பொருளை அறிவதோடு, அச்சொல் எவருடைய ஏட்டிலிருந்து பேசுகிறது என்பதையும் அறிந்தாக வேண்டும். இதனையே இக்கட்டுரை ‘நோக்குநிலை’ எனக் குறிக்கிறது.

தமிழில் கடன் கொடுப்போர் கணக்கு மொழி ஒரே காலத்தில் ஆக்கப்பட்டதன்று. கோயில் கல்வெட்டுகள், நகரத்தார் பேரேடுகள், ஆங்கிலச் சட்டப் படிவங்கள், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் எழுந்த பாடநூல்கள், இந்திய ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் எனப் பல அடுக்குகளாக அது படிந்துள்ளது. இவ்வடுக்குகளைக் காலமுறையில் பிரித்துக் காண்பதும், அவற்றுள் நோக்குநிலை மாறிய இடங்களைச் சுட்டுவதும், அம்மாற்றம் இன்றைய மொழிபெயர்ப்பில் விளைக்கும் இடர்களை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. முதலும் பொலிசையும்

சோழர் காலத்துக் கோயில்கள் கடன் கொடுக்கும் நிறுவனங்களாகவும் விளங்கின. தஞ்சைப் பெருவுடையார் கோயில் கல்வெட்டுகளில், அறக்கட்டளையாக வந்த காசு ஊர்ச்சபைகளிடம் வட்டிக்குக் கொடுக்கப்பட்டமை விரிவாகப் பதிவாகியுள்ளது. ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்கு 12.5 விழுக்காடு என்பது அங்குக் காணப்படும் வீதங்களுள் ஒன்று. இவ்வட்டியைக் குறிக்கும் கல்வெட்டுச் சொல் ‘பொலிசை’ அல்லது ‘பலிசை’ என்பதாகும். இது பொலிதல், அதாவது பெருகுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. வட்டியிலிருந்து நடத்தப்பட வேண்டிய அறத்திற்கு முதலிடுதல் ‘பொலியூட்டு’ எனப்பட்டது. பின்னாளில் வழக்கூன்றிய ‘வட்டி’ என்ற சொல்லும் பெருக்கத்தைக் குறிக்கும் ‘விருத்தி’ என்ற வடசொல்லின் பிராகிருத வடிவத்தோடு தொடர்புபடுத்தப்படுகிறது. ஆகவே இரு சொற்களின் அடிப்படையும் ஒன்றே: பணம் தானே வளர்கிறது என்னும் கருத்து.

இக்கணக்கில் நோக்குநிலைச் சிக்கல் எழவில்லை. கல்வெட்டு கோயிலின் சார்பாகவே பேசுகிறது. சந்திர சூரியர் உள்ளவரை முதல் திரும்பி வர வேண்டியதில்லை. பொலிசை மட்டும் வந்தால் போதும். முதல் திரும்புமா என்ற ஐயம் கணக்கின் பொருளாகாத இடத்தில், கடனைத் தரம் பிரிக்கும் சொற்களுக்குத் தேவை எழவில்லை. இத்தேவை பிற்காலத்தது என்பதை மனத்திற்கொள்ளல் வேண்டும்.

‘கடன்’ என்ற சொல்லின் வரலாறும் இங்குக் கருதத்தக்கது. சங்க இலக்கியத்தில் அது பெரிதும் கடமையைக் குறித்தது. செய்ய வேண்டியது என்ற பொருளிலிருந்து, திருப்பித் தர வேண்டியது என்ற பொருளுக்கு அது நகர்ந்தது. எனவே அச்சொல் அடிப்படையில் வாங்கியவனின் நோக்கில் நிற்பது. கொடுத்தவனின் உரிமையைக் குறிக்கவும் அதே சொல்லைப் பயன்படுத்தியபோது, ஒரு சொல்லில் இரு நோக்குநிலைகள் குடியேறின. ‘வங்கியின் கடன்’ என்ற தொடர், வங்கி கொடுத்ததா, வங்கி பட்டதா என்று சொல்லாமல் நிற்பதன் காரணம் இதுவே.

3. நகரத்தார் பேரேடு

நாட்டுக்கோட்டை நகரத்தார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கை, பர்மா, மலாயா முதலிய நாடுகளில் நடத்திய வட்டித் தொழில், தமிழில் முழுமையான ஒரு வங்கிக் கணக்கு மொழியை உருவாக்கியது. பேரேடு, குறிப்பு, வரவு, பற்று, முதல்பணம், தவணை, உண்டியல், நடப்பு வட்டி, மகமை, ஐந்தொகை என்பன அம்மொழியின் முதன்மைச் சொற்கள். 1929–30இல் பணியாற்றிய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு இச்சொற்கள் பலவற்றை ஆங்கில எழுத்தில் அப்படியே பெயர்த்தெழுதிக்கொண்டு அவற்றுக்கு விளக்கம் தந்தது. டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நகரத்தார் பற்றிய நூலிலும் இச்சொற்கள் தமிழ் வடிவிலேயே கையாளப்படுகின்றன. ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இருந்தும் ஆய்வாளர்கள் தமிழ்ச் சொல்லை விடாமைக்குக் காரணம், அச்சொற்கள் ஒரு தனி அமைப்பின் உறுப்புகள் என்பதை அவர்கள் உணர்ந்தமையே எனலாம்.

சான்றாக ‘நடப்பு வட்டி’யைக் கொள்ளலாம். இது அவ்வப்போது நடைமுறையில் உள்ள வீதம். இரங்கூனில் நகரத்தார் கோயிலில் மாதந்தோறும் கூடி இதனை நிறுவினர். தம்முள் ஒருவர்க்கொருவர் வைத்த பணத்திற்கு இவ்வீதமே அடிப்படையாயிற்று. இங்கு ‘நடப்பு’ என்பது, ஒரு சமூகம் கூடி ஒப்புக்கொண்டு நடத்துவது என்ற பொருளைத் தாங்கி நிற்கிறது.

‘ஐந்தொகை’ என்பது ஐந்து தொகைகளை ஒருங்கே காட்டுவது என்னும் அமைப்புடைய சொல். வெளியூரில் மூன்றாண்டுத் தவணையில் பணியாற்றிய முகவர், செட்டிநாட்டில் இருந்த முதலாளிக்குத் தம் கடையின் நிலையைக் கணக்கெழுதி அனுப்பினார். அதனைப் படித்தவர் கடைக்கு உரியவர். எழுதியவர் அவருடைய ஆள். அது பொதுமக்களுக்காகவோ அரசுக்காகவோ எழுதப்பட்டதன்று. எழுதுவோரும் படிப்போரும் ஒரே மரபினராக இருந்தமையால் எந்தக் கடன் நல்லது, எது ஐயத்திற்குரியது என்பது ஏட்டின் சொற்களில் வெளிப்பட வேண்டியதில்லை.

இவ்வமைப்பு 1930களில் சோதனைக்குள்ளாயிற்று. 1930ஆம் ஆண்டளவில் பர்மாவில் நகரத்தார் ஈடுபடுத்தியிருந்த பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ்ந்தது. உழவர்கள் வட்டி கட்ட இயலாதவராயினர். ஈடாக வைத்த நிலங்கள் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலவுடைமை 1937இல் சுமார் 25 விழுக்காடாயிற்று. பேரேட்டில் ‘கடன்’ என்றிருந்தது ‘நிலம்’ என்று பெயர் மாறியது. தொகை மாறாமலே அதன் தன்மை மாறியது. வாரமும் குத்தகையும் அன்றி வட்டி வராத, விற்கவும் இயலாத ஒரு சொத்தை எவ்வாறு கணக்கிற் காட்டுவது என்ற வினா, பிற்காலத்து வங்கிகள் அனைத்தும் எதிர்கொண்ட வினாவே ஆகும்.

4. ‘வரவு’ என்ற ஒரு சொல்: பாக்கு நீரிணையின் இரு கரைகள்

இரட்டைப் பதிவு முறையை லூகா பாசியோலி 1494இல் வெனிசு நகரில் அச்சான தம் நூலில் விளக்கினார். அம்முறையில் இடப்பக்கத்திற்கும் வலப்பக்கத்திற்கும் உரிய இலத்தீன் வழிச் சொற்கள் முறையே ‘கடன்பட்டது’, ‘நம்பியது’ என்னும் பொருளுடையன. இவை ஆட்களிடையே உள்ள உறவைக் குறித்த சொற்கள். பின்னர் வெறும் பக்கப்பெயர்களாகப் பொருள் தேய்ந்தன.

இவ்விரு பக்கங்களுக்கும் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘பற்று’, ‘வரவு’ என்னும் சொற்களை வழங்குகின்றன. இலங்கைப் பாடநூல்களோ ‘வரவு’, ‘செலவு’ என வழங்குகின்றன. அதாவது தமிழ்நாட்டில் வலப்பக்கத்தைக் குறிக்கும் ‘வரவு’, இலங்கையில் இடப்பக்கத்தைக் குறிக்கிறது. ஒரு வங்கி இராமன் என்பவருக்கு ரொக்கமாக ஒரு இலட்சம் ரூபாய் கடன் கொடுக்கிறது எனக் கொள்வோம். தமிழ்நாட்டு மாணவர் இராமன் கணக்கைப் பற்று வைத்து, ரொக்கக் கணக்கை வரவு வைப்பார். இலங்கை மாணவர் இராமன் கணக்கை வரவு வைத்து, காசுக் கணக்கைச் செலவு வைப்பார். இருவர் கணக்கும் சரியே. ஆனால் ‘இராமன் கணக்கில் வரவு வைக்கப்பட்டது’ என்ற ஒரே தொடர், ஒரு கரையில் இராமன் கடன் குறைந்தது என்றும் மறுகரையில் கூடியது என்றும் பொருள்படும்.

இம்முரண் ஏன் தோன்றியது? மரபு வழிப்பட்ட தமிழ் நாட்குறிப்பில் பணம் வந்தால் ‘இராமன் வரவு’ என்று ஒரே பதிவாக எழுதுவர். அப்பதிவு இரண்டு செய்திகளை ஒருசேரச் சொல்கிறது: பெட்டிக்குப் பணம் வந்தது, அது இராமன் பேரில் வந்தது. ஆகவே ‘வரவு’ என்பது பெட்டிக்கும் ஆளுக்கும் பொதுவாக நின்றது. ஐரோப்பிய இரட்டைப் பதிவு இந்த ஒரு நிகழ்ச்சியைப் பெட்டிக்கு ஒன்றும் ஆளுக்கு ஒன்றுமாக இரண்டு எதிர்ப்பதிவுகளாகப் பிளந்தது. அப்போது ‘வரவு’ ஏதேனும் ஒரு பக்கம் சேர வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டு மரபு அதனை ஆளின் கணக்கிற்கு உரியதாக்கியது. இலங்கை மரபு பெட்டியின் கணக்கிற்கு உரியதாக்கியது. இந்தியில் ‘சமா’, ‘நாமே’ என்ற இணையும் தமிழ்நாட்டு வழியையே பின்பற்றி, ‘சமா’வை ஆளின் கணக்கிற்கு உரியதாக்கியமை ஒப்புநோக்கத்தக்கது. எனவே இது பிழையால் விளைந்த முரணன்று. இருபொருள் ஒன்றாய் நின்ற ஒரு சொல் பிளவுற்றபோது இரு கிளைமரபுகள் வெவ்வேறு பாதியைத் தேர்ந்தமையால் விளைந்தது எனக் கருதலாம்.

இத்தகைய குறுக்கீடு வேறு சொற்களிலும் உண்டு. எதிர்பார்க்கும் இழப்பிற்காக இலாபத்திலிருந்து பிரித்து வைப்பதைத் தமிழ்நாடு ‘ஒதுக்கு’ என்கிறது. இலங்கை ‘ஏற்பாடு’ என்கிறது. இலாபத்தில் சேமித்து வைப்பதைத் தமிழ்நாடு ‘காப்பு’ என்கிறது. இலங்கை ‘ஒதுக்கம்’ என்கிறது. ஆகவே ‘ஒதுக்’ என்னும் அடியுடைய சொல் ஒரு கரையில் இழப்பின் அறிகுறி. மறுகரையில் வலிமையின் அறிகுறி. ஒரு வங்கியின் ஒதுக்குகள் பெருகின என்ற செய்தியைக் கரை மாறிப் படிப்பவர், நலிந்த வங்கியை வலிய வங்கியாகக் கொள்ளக்கூடும்.

5. நிறுவன வங்கிகளும் சட்டப் படிவமும்

1806இல் தொடங்கப்பட்ட கல்கத்தா வங்கி, 1840இல் பம்பாய் வங்கி, 1843இல் சென்னை வங்கி என மூன்று மாகாண வங்கிகள் தோன்றின. இவை 1921இல் இம்பீரியல் வங்கியாக இணைந்து, 1955இல் பாரத ஸ்டேட் வங்கியாயின. இவற்றோடு, பொதுமக்களிடம் வைப்புப் பெற்ற தனியார் கூட்டு நிறுவனங்களும் இருந்தன. சென்னையில் அர்பத்நாட் நிறுவனம் 1906 அக்டோபரில் முறிந்தபோது ஆயிரக்கணக்கானோர் தம் சேமிப்பை இழந்தனர். அந்நிறுவனத் தலைவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இந்நிகழ்ச்சியின் எதிர்விளைவாகவே 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. 1938இல் திருவிதாங்கூர் நேசனல் அண்டு குயிலோன் வங்கியும் முறிந்தது. இத்தகைய முறிவுகளுக்குப் பின்னரே, வங்கியின் கணக்கு முதலாளிக்கு மட்டும் உரியதன்று, வைப்பாளருக்கும் உரியது என்ற கருத்து சட்டத்தில் வேரூன்றியது.

1936ஆம் ஆண்டுத் திருத்தம் நிறுமச் சட்டத்தில் வங்கிகளுக்கெனத் தனிப்பகுதியைச் சேர்த்தது. 1949ஆம் ஆண்டு வங்கி நிறுமங்கள் சட்டம், பின்னாளில் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் எனப் பெயர் மாறியது, தன் மூன்றாம் அட்டவணையில் இருப்புநிலைக் குறிப்புக்கும் இலாப நட்டக் கணக்குக்கும் படிவங்களை வகுத்தது. அப்படிவத்தில் கடன்கள் முழு ஈடுடையனவாய் நல்லன எனக் கருதப்படுவன, கடனாளியின் சொந்தப் பொறுப்பு ஒன்றையே கொண்டு நல்லன எனக் கருதப்படுவன, பிறர் பொறுப்பும் சேர்ந்து நல்லன எனக் கருதப்படுவன, ஒதுக்குச் செய்யப்படாத ஐயக்கடனும் வாராக்கடனும் எனப் பிரிக்கப்பட்டன.

இங்கு மொழியியலார் கவனிக்க வேண்டியது ‘கருதப்படுவன’ என்ற செயப்பாட்டு வினையாகும். யாரால் கருதப்படுவன? படிவம் எழுவாயைக் கூறவில்லை. கருதியவர் வங்கியின் நிருவாகத்தினர்; உடன்பட்டவர் தணிக்கையாளர். மேலும் இலாப நட்டக் கணக்கில் வருமானத்தைக் காட்டும்போதே வாரா ஐயக்கடன்களுக்கான ஒதுக்கையும் ‘வழக்கமான அல்லது தேவையான’ பிற ஒதுக்குகளையும் கழித்துக் காட்டச் சட்டம் இடமளித்தது. எவ்வளவு கழிக்கப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. நல்ல ஆண்டில் மறைத்து வைத்து, கெட்ட ஆண்டில் எடுத்துக்கொள்ள இது வழிசெய்தது. மக்கள் பீதியுற்று ஒரே நாளில் வைப்புகளைத் திரும்பக் கேளாதிருக்க இம்மறைவு உதவும் என்பது அக்கால வாதம். வைப்பாளருக்காக எழுதப்பட்ட கணக்கு வைப்பாளரிடமிருந்தே முதன்மையான செய்தியை மறைத்தது என்பதும் உண்மை. செயப்பாட்டு வினையும், அளவு கூறாத அடைமொழிகளும் அம்மறைவின் மொழிக் கருவிகளாயின.

6. கடனாளியின் கணக்கை வங்கி படித்தல்

வங்கி தன் கணக்கை எழுதுவதோடு, கடன் கேட்பவர் கணக்கைப் படிக்கவும் வேண்டும். 1974இல் அமைக்கப்பட்டு 1975இல் அறிக்கை தந்த தாண்டன் குழு, நடைமுறை மூலதனக் கடனை ஈட்டுப்பொருளின் மதிப்பைக் கொண்டு மட்டும் அளவிடாமல், தொழிலின் நிதிநிலை அறிக்கைகளைப் பகுப்பாய்ந்து அளவிட வழிவகுத்தது. அக்குழு கூறிய இரண்டாம் முறைப்படி, நடப்புச் சொத்துகளில் 25 விழுக்காட்டைத் தொழில்முனைவர் நீண்டகால நிதியிலிருந்து கொணர வேண்டும். நடப்புச் சொத்து 100 ஆனால் நடப்புப் பொறுப்பு 75க்கு மேற்படலாகாது. 100ஐ 75ஆல் வகுக்க 1.33 கிடைக்கிறது. இவ்விகிதம் பல்லாண்டுகள் வங்கிக் கிளைகளில் மந்திரச் சொல்போல் வழங்கியது.

இங்கு ‘நடப்பு’ மீண்டும் வருகிறது, பொருளோ வேறு. ஓராண்டுக்குள் பணமாகக்கூடியது அல்லது ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டியது என்பது பொருள். நகரத்தார் ‘நடப்பு வட்டி’யிலும், வங்கியின் ‘நடப்புக் கணக்கி’லும், ‘நடப்பு ஆண்டி’லும் இச்சொல் வெவ்வேறு பொருளில் நிற்கிறது. ஐந்தாண்டுக் கடனில் அடுத்த 12 மாதங்களில் கட்ட வேண்டிய தவணையைப் பகுப்பாய்வாளர் நடப்புப் பொறுப்பாக மாற்றி எழுத வேண்டும். ‘நடப்பு’ என்பதை ‘இப்போதுள்ளது’ என்று பொருள்கொள்ளும் படிப்பாளர் இதனைச் செய்யத் தவறுவார். விகிதம் உள்ளதைவிட உயர்ந்து தோன்றும். இலங்கையில் வழங்கும் ‘நடைமுறைச் சொத்து’ என்பதும் இக்குறையிலிருந்து தப்பவில்லை. ‘ஓராண்டு’ என்ற வரையறையைச் சொல்லுக்குள் கொணராத வரை விளக்கக் குறிப்பு இன்றியமையாதது.

7. நோயுற்ற கடனும் செயல்படாச் சொத்தும்

1985இல் ரிசர்வ் வங்கி கடன்களை எட்டு நலக்குறிகளாகப் பகுக்குமாறு வங்கிகளுக்குப் பணித்தது. நிறைவானவை, ஒழுங்கற்றவை, நோயுற்றும் பிழைக்கக்கூடியவை, நோயுற்றுப் பிழைக்க இயலாதவை, திரும்பக் கோரப்பட்டவை, வழக்குத் தொடரப்பட்டவை, தீர்ப்பாணை பெற்றவை, வாராதனவும் ஐயத்திற்குரியனவும் என்பன அவை. மருத்துவ உருவகமும் நீதிமன்ற நடைமுறையும் கலந்த பகுப்பு இது. இதற்கும் எழுவாய் வங்கி மேலாளரின் மதிப்பீடே.

1991 ஆகஸ்டில் அமைக்கப்பட்ட நரசிம்மம் குழு அவ்வாண்டு நவம்பரில் அறிக்கை அளித்தது. அதனைப் பின்பற்றி 1992 ஏப்ரலில் வெளியான நெறிமுறைகள், மதிப்பீட்டை நாள்கணக்கிற்கு மாற்றின. வட்டியோ தவணையோ குறித்த காலத்திற்கு மேல் நிலுவையில் இருந்தால் அக்கடன் செயல்படாததாகும். அக்கால வரம்பு 1993 மார்ச்சில் நான்கு காலாண்டு, 1994இல் மூன்று, 1995இல் இரண்டு எனச் சுருங்கி, 2004 மார்ச் முதல் 90 நாட்களாயிற்று. கடன்கள் தரமானவை, தரங்குறைந்தவை, ஐயத்திற்குரியவை, இழப்பானவை என நான்காயின. ‘கருதப்படுவன’ என்ற எழுவாயற்ற வினை, நாட்காட்டிக்கு இடம் விட்டது. இருப்புநிலைக் குறிப்பின் படிவமும் 1992 மார்ச் ஆண்டிறுதியிலிருந்து மாறி, கடன்களை வகை, ஈடு, துறை என மூன்று வழிகளில் பிரித்துக் காட்டலாயிற்று.

இந்நெறிமுறைகளின் மற்றொரு கூறு வருமானம் பற்றியது. அதற்கு முன்னர், வட்டி கைக்கு வராவிடினும் உரிய நாள் வந்ததும் அதனை வருமானமாக எழுதும் வழக்கம் பரவலாக இருந்தது. தமிழில் இதனை ‘வராத வட்டியை வரவு வைத்தல்’ என்றே கூற வேண்டும். ஆங்கிலத்தில் பக்கப்பெயராகத் தேய்ந்துவிட்ட சொல் மறைக்கும் முரண்பாடு, வினையடி இன்னும் உயிரோடுள்ள தமிழ்ச் சொல்லில் வெளிப்பட்டுவிடுகிறது. புதிய நெறிமுறை, செயல்படாக் கடனின் வட்டி வந்தால்தான் வருமானம் என்றது. அதாவது ‘வரவு’ தன் வேர்ப்பொருளுக்கு மீண்டது.

இனி, செயல்படாச் சொத்தைத் தமிழ் இதழ்கள் பெரும்பாலும் ‘வாராக்கடன்’ என எழுதுகின்றன. எளிமையும் ஓசையும் உடைய சொல், ஐயமில்லை. எனினும் பாடநூல் மரபில் ‘வாராக்கடன்’ என்பது இனி வாராதெனத் துணிந்து இழப்பாக எழுதப்பட்டது. செயல்படாச் சொத்தோ 90 நாட்கள் நிலுவையானது. நிலுவை முழுவதையும் கட்டினால் அது மீண்டும் தரமானதாகும். இவ்விரண்டையும் ஒரு சொல் தாங்குவதற்கு இலக்கணமே இடமளிக்கிறது. ‘வாரா’ என்னும் எதிர்மறைப் பெயரெச்சம் காலம் காட்டாது. வராதிருந்த, வராதிருக்கிற, வரமாட்டாத என மூன்றுக்கும் அது பொது. நால்வகைத் தரப் பகுப்பின் உயிர்நாடியோ காலம். தரங்குறைந்ததும் இழப்பானதும் வேறுபடுவது காலத்தாலும் நம்பிக்கையாலும் ஆகும். இந்தியில் வழங்கும் ‘அனர்சக்’, ஈட்டாதது என்ற பொருளுடையதாய், வருமானம் நின்றது என்பதை மட்டும் கூறி, முதலின் கதியைப் பற்றி வாளாவிருப்பது நோக்கத்தக்கது. இலங்கையின் ‘அறவிடமுடியாக் கடன்’ முடியாமையை வெளிப்படையாகக் கூறுவதால் செயல்படாக் கடனோடு மயங்குவதில்லை.

8. போக்கெழுதலும் தள்ளுபடியும்

சொல்மயக்கம் பொதுவாழ்வைத் தாக்கும் இடம் ஒன்று உண்டு. முழு ஒதுக்குச் செய்துவிட்ட பழைய கடனை வங்கி தன் இருப்புநிலைக் குறிப்பிலிருந்து நீக்குகிறது. தலைமையகக் கணக்கில் நீக்கப்பட்டாலும், கிளையின் ஏட்டில் கடனாளி பேரில் நிலுவை தொடர்வதுண்டு. வசூல் நடவடிக்கையும் தொடரும். கடனாளிக்கு இதனால் ஒரு காசும் குறைவதில்லை. இது வங்கியின் ஏட்டில் நிகழும் செயல்.

1990ஆம் ஆண்டு வேளாண் கடன் நிவாரணத் திட்டத்தில் ஒருவருக்கு 10,000 ரூபாய் வரையும், 2008ஆம் ஆண்டுத் திட்டத்தில் சிறு குறு உழவர்களின் தகுதியுள்ள நிலுவை முழுமையும் விடுவிக்கப்பட்டன. இது கடனாளியின் ஏட்டில் நிகழும் செயல். அவர் பொறுப்பு ஒழிந்தது. வங்கியின் இழப்பை அரசு ஈடுசெய்தது.

இவ்விரு செயல்களையும் தமிழ் இதழ்கள் ‘கடன் தள்ளுபடி’ என்ற ஒரே தொடரால் குறிக்கின்றன. இச்சொல் கடையின் விலைக்குறைப்பையும், நீதிமன்றம் மனுவை ஏற்க மறுப்பதையும் குறிப்பது. இதன் விளைவாக, பெருநிறுவனங்களின் கடன்களை வங்கிகள் ‘தள்ளுபடி’ செய்தன என்ற செய்தியைப் படிக்கும் உழவர், தமக்கு மறுக்கப்பட்ட சலுகை பிறருக்கு வழங்கப்பட்டதாகப் பொருள்கொள்கிறார். கணக்கில் நீக்கிய கடன் பின்னர் எவ்வளவு வசூலாயிற்று என்பதே அவர் கேட்க வேண்டிய வினா. அவ்வினா கூர்மையானது, வங்கிகள் விடையளிக்கக் கடமைப்பட்டது. தவறான சொல் அவரைத் தவறான வினாவிற்கு இட்டுச்செல்கிறது. வங்கியோ ‘நாங்கள் தள்ளுபடி செய்யவில்லை’ என்று எளிதில் மறுத்து, உரிய வினாவிலிருந்து தப்பிவிடுகிறது.

இதற்குப் புதுச்சொல் ஆக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கணக்குப்பதிவியல் பாடநூல்களில் ‘போக்கெழுதுதல்’ என்ற சொல் நெடுங்காலமாக உள்ளது. இலங்கையில் ‘பதிவழித்தல்’ வழங்குகிறது. இரண்டும் எழுத்துச் செயலையே சுட்டுகின்றன. எழுதுபவர் ஏட்டையே நோக்குநிலையாகக் கொண்டுள்ளன. பள்ளியில் கற்பிக்கப்படும் சொல் செய்தித்தாளை எட்டவில்லை என்பதே குறை.

9. எதிர்பார்க்கப்படும் இழப்பு

2014 ஜூலையில் வெளியாகி 2018 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நிதியறிக்கைத் தரநிலை 9, கடன் நிலுவையான பின்னர் ஒதுக்குச் செய்வதை விடுத்து, கடன் கொடுத்த நாள் முதலே வரக்கூடிய இழப்பைக் கணித்து ஒதுக்கச் சொல்கிறது. இலங்கை வங்கிகள் 2018இலேயே இதற்கு இணையான தரநிலைக்கு மாறின. இந்திய ரிசர்வ் வங்கி, புதிய கணக்கியல் தரநிலைகளை வணிக வங்கிகளுக்குச் செயற்படுத்துவதை 2019 மார்ச்சில் ஒத்திவைத்தது. எதிர்பார்க்கப்படும் இழப்பு முறை பற்றி 2023 சனவரியில் கருத்தறியும் அறிக்கை வெளியிட்டது.

தமிழ் ‘எதிர்பார்த்தல்’ விருப்பத்தோடும் உறுதியோடும் கலந்த சொல். விருந்தினரை எதிர்பார்க்கிறோம். தரநிலையில் உள்ள பொருளோ நிகழ்தகவுகளால் நிறையிட்ட சராசரி. நூறு நல்ல கடன்களில் எது கெடும் என்று அறியாமலே நூற்றுக்கும் சேர்த்துக் கணிப்பது. இக்கடன் கெடும் என வங்கி எதிர்பார்க்கிறது என்று ஒரு கடனாளி படித்தால் அது அவர்மேல் சாட்டப்பட்ட குற்றமாகத் தோன்றும். ‘கணிப்பிழப்பு’ போன்றதோர் ஆக்கம், ஆளின் விருப்பத்தை விலக்கிக் கணக்கீட்டை முன்னிறுத்தும் என்பது பரிசீலிக்கத்தக்கது.

10. முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம்.

முதலாவது, வங்கிக் கணக்குச் சொல்லின் பொருள் வரையறையில் நோக்குநிலை ஒரு கூறாகச் சேர்க்கப்பட வேண்டும். கலைச்சொல் அகராதிகள் சொல்லுக்குச் சொல் தருவதோடு, ‘கொடுத்தவர் ஏடு’, ‘வாங்கியவர் ஏடு’, ‘பெட்டி’, ‘ஆள்’ என்ற குறிப்பையும் தருதல் நலம்.

இரண்டாவது, தமிழ்நாட்டு மரபும் இலங்கை மரபும் ஒன்றையொன்று திருத்த முயலாமல், ஒன்றிலிருந்து ஒன்று பெற வேண்டும். இலங்கை மத்திய வங்கியின் தமிழ் வெளியீடுகளில் வழங்கும் ‘கொடுகடன்’, ‘படுகடன்’ என்ற இணை இதற்குத் தக்க சான்று. ‘கடன்’ என்ற சொல்லில் பல நூற்றாண்டுகளாகக் கலந்து கிடந்த இரு நோக்குநிலைகளை இரண்டு வினைத்தொகைகள் எளிதாகப் பிரித்துவிடுகின்றன. கொடு என்பது வங்கியின் வினை. படு என்பது கடன்பட்டவரின் வினை. தமிழ்நாட்டு வழக்கு இவ்விணையை ஏற்றால், ‘வங்கியின் கடன்’ போன்ற மயக்கத் தொடர்கள் நீங்கும். ‘பற்று’, ‘வரவு’, ‘செலவு’ ஆகியவற்றில் ஒருமைப்பாடு இனி அரிது. அங்கு மொழிபெயர்ப்பாளர் எந்த மரபைப் பின்பற்றுகிறார் என்பதை நூலின் தொடக்கத்திலேயே அறிவித்தல் போதும்.

மூன்றாவது, கணக்கறிக்கை யாருக்காக எழுதப்படுகிறது என்பதை ஒட்டியே அதன் மொழி மாறி வந்துள்ளது. கோயிலுக்காக எழுதப்பட்டபோது கல்லில் நின்றது. முதலாளிக்காக எழுதப்பட்டபோது ஐந்தொகையாயிற்று. சட்டத்திற்காக எழுதப்பட்டபோது எழுவாயை மறைத்தது. நெறியாளருக்காக எழுதப்படும்போது நாள்களை எண்ணுகிறது. வைப்பாளரும் கடனாளியும் தம் மொழியில் படித்துணரும் வகையில் எழுதப்பட வேண்டிய கட்டம் எஞ்சியுள்ளது. தம் பணம் எவருடைய ஏட்டில் எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதை அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு. அவ்வுரிமை பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுக்கும் ஒரு சொல்லில் அடங்கியுள்ளது.